அப்ருஸ்ஸோ மலைகளுக்கு எப்படி போறது: கரடி ஊருல ஆரம்பிச்சு கடல்ல முடியிற முழு வழிகாட்டி

இத்தாலின்னா ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ்னு ஓடிட்டு வந்துடறவங்கதான் நம்மள்ல முக்கால்வாசி பேர். தப்பு சொல்லல, நானும் மொத தடவ அப்படித்தான் போனேன். ஆனா ரோமுல இருந்து கிழக்கால காருல ஒன்றரை மணி நேரம் போனா அப்ருஸ்ஸோன்னு ஒரு மாநிலம் வரும், அங்க காட்டுல கரடி நடமாடுது, ஓநாய் இருக்கு, கிட்டத்தட்ட மூவாயிரம் மீட்டர் மலை இருக்கு, அந்த மலை உச்சியில இருந்து வெயில் தெளிவா இருந்தா கடலே தெரியும். மொத்த பரப்பே சுமார் 10,800 சதுர கிலோமீட்டர்தான், அதுல மூணுல ஒரு பங்கு பாதுகாக்கப்பட்ட இடம். ஐரோப்பாவோட பச்சை மாநிலம்னு அவங்களே சொல்லிக்குவாங்க, விளம்பரம்னு நெனச்சு போனேன், போய் பாத்தப்புறம் வாய மூடிக்கிட்டேன்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். எல்லா பார்க்கையும் ரெண்டு நாள்ல சுத்திடலாம்னு பிளான் போட்டீங்கன்னா நீங்க பாக்கப்போறது தார் ரோடு மட்டும்தான். குறைஞ்சது ஏழு நாள் வேணும், அதுல மூணு ராத்திரி ஒரே ஊருல தங்கணும். ஏன்னு போகப்போக புரியும்.

படி 1: மேப்ப மனசுல ஏத்திக்குங்க

மூணு தேசிய பூங்கா, ஒரு மாநில பூங்கா, அதுக்கு மேல சின்னச்சின்ன ரிசர்வ் நெறைய, கடலுக்குள்ள ஒரு பாதுகாப்பு பகுதி. தெக்க இருக்கறது அப்ருஸ்ஸோ, லாத்ஸியோ, மோலிசே மூணு மாநிலத்துலயும் பரவி கெடக்கற பழைய பார்க், சுமார் 50,000 ஹெக்டேர், கரடி அங்கதான். வடக்க கிரான் ஸாஸோ, இதுதான் பெருசு. கிழக்கால, கடலப் பாத்த மாதிரி மயெல்லா. இதுங்களுக்கு நடுவுல மேற்கால ஒதுங்குன மாதிரி சிரெந்தே-வெலினோ.

பழைய பார்க்க 1922 செப்டம்பர்ல தனியார் அமைப்பு ஒண்ணு தொறந்துச்சு, அரசாங்க சட்டம் வந்தது 1923 ஜனவரியில. நடுவுல 1922 டிசம்பர்ல ஆல்ப்ஸ் பக்கம் கிரான் பரதீசோ பார்க் அரசாங்க முத்திரையோட வந்துடுச்சு. அதனால இத்தாலியோட முதல் தேசிய பூங்கா எதுன்னு ரெண்டு ஊர்க்காரங்களுக்கும் இன்னைக்கும் செல்லச் சண்டை உண்டு, பழைய பார்க்கோட தலைமை ஊரு பெஸ்காசெரோலி, அங்க போய் கிரான் பரதீசோதானே முதல்னு கேட்டுடாதீங்க, அன்னைக்கு காபி ஆறித்தான் வரும்.

படி 2: எந்த மாசம்னு முடிவு பண்ணுங்க

இதுல தப்பு பண்ணா மொத்த ட்ரிப்பும் காலி. மே கடைசியில கூட உசரமான பாதையில பனி கெடக்கும், ஆனா கீழ சிரெந்தே பக்கம் புல்வெளி பூராவும் வெள்ளை நார்சிசஸ் பூவா இருக்கும். ஜூன், ஜூலை நடக்கறதுக்கு நல்லா இருக்கும், ஆனா மதியம் ரெண்டு மணிக்கு மேல இடி மின்னல் திடீர்னு வரும், அதனால உச்சிக்கு போறவங்க காலையில சீக்கிரம் கெளம்பி ஒரு மணிக்குள்ள இறங்க ஆரம்பிச்சிடணும். ஆகஸ்ட் நடுவுல மொத்த இத்தாலியும் லீவுல இருக்கும், ரூமும் கிடைக்காது பார்க்கிங்கும் கிடைக்காது, தவிர்த்துடுங்க. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் கரடிய தூரத்துல இருந்து பாக்க வாய்ப்புள்ள நேரம். அக்டோபர்ல பீச் (beech, கடற்கரை பீச் இல்ல) மரக்காடு மஞ்சளும் செம்புமா மாறும், கூடவே ஆண் மான் கத்தற சத்தம் ராத்திரி பூராவும் கேக்கும், மொத தடவ கேட்டப்ப மாடு ஏதோ மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு ஜன்னல தொறந்து பாத்தேன். என் ஓட்டு அக்டோபர் முதல் ரெண்டு வாரத்துக்கு. குளிர்காலத்துல பனிச்சறுக்கு தெரியாதவங்க போக வேணாம், கிரான் ஸாஸோவுல இருக்கற கம்போ இம்பெராத்தோரே மைதானத்துக்கு போற ரோடே மூடிடுவாங்க.

படி 3: போய்ச் சேருறது

கார் எடுக்கறது பெஸ்ட். நம்ம லைசென்ஸ் மட்டும் பத்தாது, இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் ஊருலயே வாங்கிட்டு போகணும், இங்க வந்து தேடினா கிடைக்காது. பங்க்ல பென்சீனான்னு எழுதியிருந்தா பெட்ரோல், கசோலியோன்னா டீசல், குழப்பிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை மலை ஊர் பங்க்ல ஆளே இருக்க மாட்டாங்க, மெஷின்ல கார்டு போட்டு நீங்களே அடிச்சுக்கணும், மெஷின் கார்ட எடுக்கலன்னா நோட்டுதான் காப்பாத்தும், அதனால கையில இருபது யூரோ நோட்டு ரெண்டு இருக்கட்டும்.

ரோமுல இருந்து ஏ24, அப்புறம் ஏ25 நெடுஞ்சாலை, பெஷீனா எக்ஸிட்ல இறங்குங்க. இறங்கின உடனே ஒரு பெரிய சமவெளி வரும், தட்டு மாதிரி அப்படி ஒரு சமம், உருளைக்கிழங்கும் கேரட்டுமா வெளஞ்சு கெடக்கும். அது ஒரு ஏரியோட அடிமட்டம்! ஃபுச்சினோ ஏரின்னு பேரு, இத்தாலியில மூணாவது பெரிய ஏரியா இருந்துச்சு. ரோமப் பேரரசர் கிளாடியஸ் கால்வாய் வெட்டி வடிக்கப் பாத்து அரைகுறையா நின்னு போச்சு, 19-ம் நூற்றாண்டுல தொர்லோனியான்னு ஒரு பெரிய பணக்காரர் மிச்சத்த வடிச்சு முடிச்சார், 1870-கள்ல ஏரியே இல்லாம போச்சு. இயற்கைய பாக்கப் போற வழியில மொதல்ல கண்ணுல படறது மனுஷன் அழிச்ச ஏரிதான்.

அதுக்கப்புறம் ரோடு மலை ஏறும், 1,400 மீட்டர்ல பாஸோ தெல் தியாவோலோன்னு ஒரு கணவாய், அர்த்தம் பிசாசு கணவாய். இங்க ஸ்பீட குறைங்க. சும்மா சொல்லல. இந்தப் பக்கத்து கரடிக்கெல்லாம் ஊர்க்காரங்க பேர் வெச்சிருக்காங்க, அதுல குவான் கரீத்தோன்னு ஒரு இளவட்டக் கரடி, ரொக்கராஸோ ஊருக்குள்ள பேக்கரியில பூந்து பிஸ்கட் தின்னு உலகம் பூரா வைரல் ஆச்சு, 2023 ஜனவரியில காஸ்தெல் தி சாங்ரோ பக்கத்துல ராத்திரி கார் மோதி செத்துப்போச்சு. அதே வருஷம் ஆகஸ்ட் 31 ராத்திரி அதோட தாய் அமரேனாவ ஊருக்குள்ள ஒருத்தர் துப்பாக்கியால சுட்டுட்டாரு, ரெண்டு குட்டி அனாதையாச்சு. மொத்தமே அம்பது அறுபது கரடிதான் இருக்குன்னா ஒவ்வொண்ணும் என்ன கணக்குன்னு பாத்துக்குங்க. சாயங்காலத்துக்கு மேல அந்த ரோட்டுல அம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாதீங்க.

கார் இல்லாதவங்க ரோம்ல இருந்து ரயில்ல அவெத்ஸானோ வந்து அங்கிருந்து துவாங்கற கம்பெனி பஸ் புடிச்சு பெஸ்காசெரோலி வரலாம், ஆனா பஸ் கம்மி, ஞாயிறு இன்னும் கம்மி.

படி 4: கரடி பக்கத்துல மூணு ராத்திரி

தங்கறதுக்கு பெஸ்காசெரோலி, வில்லேத்தா பர்ரேயா, சிவிதெல்லா அல்ஃபெதேனா மூணுல ஒண்ணு. பெஸ்காசெரோலியில கடை கண்ணி இருக்கு, பார்க்கோட தலைமை ஆபீஸும் அங்கதான். எனக்கு புடிச்சது வில்லேத்தா பர்ரேயா. காலையில ஆறரைக்கு பால்கனி கதவ தொறந்தேன், கீழ தெருவுல கொம்பு வெச்ச மான் ஒண்ணு எதுத்த வீட்டு வேலிச் செடிய நிதானமா மேஞ்சிட்டு இருந்துச்சு, ஒரு பாட்டி சமையக்கட்டு துணிய உதறிக்கிட்டே வந்து வெரட்டுனாங்க, அது ரெண்டடி தள்ளி நின்னு திரும்பவும் மேய ஆரம்பிச்சிடுச்சு. அந்த ஊருல மான் இப்படித்தான், நம்ம ஊரு தெரு மாடு மாதிரி. ஆனா தொட்டுப் பாக்கறது, பிரெட் போடறது எல்லாம் கூடாது, காட்டு மிருகம் காட்டு மிருகம்தான்.

மொத நாள் கால பழக்கறதுக்கு காமோஷாரா போங்க. பார்க்கிங்ல இருந்து கார் போகாத தார் ரோட்டுல மூணு கிலோமீட்டர் நடந்தா சின்னதா அருவி, சுத்தி அரைவட்டமா செங்குத்துப் பாறை. குழந்தைங்கள கூட்டிட்டு போகலாம். சாயங்காலம் ஓப்பி பக்கத்துல வால் ஃபொந்தில்லோ பள்ளத்தாக்கு, ஓடையோரமா நடக்கலாம், வயசான அப்பா அம்மாவும் நடக்க முடியும்.

ரெண்டாவது நாள்தான் முக்கியம், வால் தி ரோஸே. சிவிதெல்லாவுல இருந்து ஏறணும், ஊரு 1,120 மீட்டர் கிட்ட, மேல பாஸோ கவூத்தோ 1,942 மீட்டர், அங்கிருந்து ஃபோர்கா ரெசூனி போய் இன்னொரு பள்ளத்தாக்கு வழியா இறங்கி அதே ஊருக்கு வந்துடலாம், ஆறு ஏழு மணி நேரம் ஆகும். பாதி வழி பீச் காடு, இருட்டா ஈரமா இருக்கும், காடு முடியற இடத்துல திடீர்னு வெளிச்சம், அங்க பாறை மேல ஷமுவா நிக்கும். இந்த ஊரு ஷமுவா ஆட்டுக்கும் மானுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு, கொம்பு நீளமா கொக்கி மாதிரி, கழுத்துல வெள்ளையும் கருப்புமா பட்டை போட்டிருக்கும். ஒரு காலத்துல உலகத்துலயே இந்த ஒரு மூலையில மட்டும் சில டஜன் மிஞ்சி இருந்துச்சு, இங்கருந்து புடிச்சிட்டு போய்த்தான் 1990-கள் ஆரம்பத்துல மயெல்லாவுலயும் கிரான் ஸாஸோவுலயும் திரும்ப விட்டாங்க, இப்ப அங்கயும் பெருகிடுச்சு. அதுங்களுக்கு தொந்தரவு ஆகக்கூடாதுன்னு கோடை உச்சத்துல இந்த பாதைக்கு ஆள் எண்ணிக்கை அளவு வெச்சிருக்காங்க, முன்கூட்டியே புக் பண்ணணும், பார்க் சைட்டுலயோ ஊரு விசிட்டர் சென்டர்லயோ கேட்டுக்குங்க. கேக்காம போய் பாதை வாசல்ல நின்னு திரும்பி வந்தவங்கள்ல நானும் ஒருத்தன்.

மூணாவது நாள் கரடி. இங்க நெறைய பேர் ஏமாந்து போறாங்க, அதனால வெளக்கமா சொல்றேன். கரடியத் தேடிப் போகக்கூடாது, காத்துக்கிட்டு இருக்கணும். ஆகஸ்ட் கடைசியில இருந்து மரக்காட்டுக்கு மேல இருக்கற சரிவுல ராம்னோன்னு ஒரு புதர் பழுக்கும், குளிர் தூக்கத்துக்கு முன்னாடி கொழுப்பு சேக்கறதுக்கு கரடி அந்தப் பழத்த திங்க மணிக்கணக்கா அங்கயே கெடக்கும். அந்த சரிவு தெரியற மாதிரி எதுத்த மலையில உக்காந்து பைனாகுலர்ல பாக்கணும், சாயங்காலம் அஞ்சு மணியில இருந்து இருட்டற வரைக்கும். தனியா போகாம லைசென்ஸ் உள்ள கைடோட போங்க, எந்த சரிவுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், எங்க நின்னா கரடிக்கு தொந்தரவு இல்லன்னும் அவங்களுக்குத்தான் தெரியும். நான் மூணு சாயங்காலம் உக்காந்தேன், ரெண்டு நாள் ஒண்ணுமில்ல, மூணாவது நாள் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு பழுப்பு புள்ளி புதருக்கு புதர் நகந்துச்சு, இருபது நிமிஷம். ஃபோட்டோவுல பாத்தா கல்லு மாதிரி இருக்கு, வீட்டுல யாரும் நம்பல. மூணு ராத்திரி தங்கச் சொன்னது இதுக்குத்தான்.

பாதையில திடீர்னு எதிர்ல பட்டுச்சுன்னா ஓடாதீங்க, மெதுவா பேசிக்கிட்டே பின்னால நகருங்க, அது போக வழி விடுங்க. இந்த மார்சிக்கா கரடி ஆயிரக்கணக்கான வருஷமா மத்த கரடிங்கள விட்டு பிரிஞ்சு தனியா இருந்த இனம், சாதுன்னு பேரு, ஆனா குட்டியோட இருந்தா எந்த தாயும் சாது இல்ல. பாதைய விட்டு இறங்கக்கூடாது, ட்ரோன் கூடாது, காட்டுக்குள்ள கூடாரம் அடிக்கக்கூடாது, நாய கூட்டிட்டு வந்தா சில பாதையில மட்டும் கயிறோட விடுவாங்க. ரேஞ்சர் புடிச்சா ஃபைன் போடுவாரு.

இன்னொரு விஷயம், இங்க வால் செர்வாராங்கற இடத்துல 500 வயசுக்கு மேல ஆன பீச் மரங்க இருக்கு, பழைய பீச் காடுன்னு 2017-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. பேருக்கு ஏத்த மாதிரி பிரம்மாண்டமா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க, உசரத்துல குளிர்ல மெதுவா வளந்த மரம், முறுக்கிக்கிட்டு கிழவன் மாதிரி நிக்கும்.

படி 5: கிரான் ஸாஸோ, ரெண்டு நாள்

இங்கருந்து வடக்க லாக்குயிலா வழியா போகணும். 2009 ஏப்ரல் 6 ராத்திரி பூகம்பத்துல 309 பேர் செத்த ஊரு அது, நடுவூருல இன்னும் சில இடத்துல கிரேன் தெரியும். ஒரு மதியம் அங்க நடந்துட்டு அப்புறம் மேல ஏறுங்க.

கம்போ இம்பெராத்தோரேன்னா பேரரசர் மைதானம்னு வெச்சுக்கலாம். நீளம் மட்டும் இருபது கிலோமீட்டருக்கு மேல, மரமே கிடையாது, புல்லும் பாறையும் ஆடும் குதிரையும்தான். குட்டி திபெத்னு பேரு வெச்சது ஃபோஸ்கோ மராயினிங்கற பயண எழுத்தாளர், நிஜ திபெத்த பாத்த மனுஷன், அதனால நம்பலாம். ரோட்டு கடைசியில 2,130 மீட்டர்ல ஒரு பழைய ஹோட்டல் கட்டடம், இத்தாலி சர்வாதிகாரி முசோலினிய அங்கதான் அடைச்சு வெச்சிருந்தாங்க, 1943 செப்டம்பர் 12 ஜெர்மன்காரங்க கிளைடர்ல வந்து இறங்கி தூக்கிட்டு போயிட்டாங்க. கார்ல வராதவங்க ஃபோந்தே செர்ரேத்தோவுல இருந்து கேபிள் கார்ல ஏறலாம்.

கோர்னோ கிராந்தே 2,912 மீட்டர், அப்பென்னைன் மலைத்தொடர்லயே உசரம். சாதா வழியில ஹோட்டல்ல இருந்து மூணு, மூணரை மணி நேர ஏத்தம், ஆனா பாதைக்கு போட்ட குறி ஈஈ, அதாவது அனுபவசாலிக்கு மட்டும். இந்த எழுத்த கத்துக்குங்க: டி-ன்னா யாரும் நடக்கலாம், ஈ-ன்னா நல்லா நடக்கறவங்க, ஈஈ-ன்னா கையையும் ஊனி ஏறணும், சரளைக்கல் சறுக்கும், ஈஈஏ-ன்னா கம்பி, கயிறு, ஹெல்மெட். ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கிட்டு செல்ஃபிக்கு ஏறுறவங்கள ஒவ்வொரு கோடையிலயும் மீட்புக்குழு இறக்கிட்டு இருக்கு. அவசரம்னா 112. கால் ஒத்துழைக்கலன்னா மோந்தே ஆக்குயிலா கணவாய் வரைக்கும் போய் உக்காருங்க, எதுத்தாப்புல முழு பாறைச்சுவரும் தெரியும், போதும். உச்சிக்கு அடியில கால்தெரோனேன்னு ஒரு பனிப்பாறை உண்டு, ஐரோப்பாவோட தெக்கால கடைசின்னு பாடத்துல படிப்பாங்க, 2000-ல ரெண்டா உடைஞ்சுடுச்சு, இப்ப கல்லுக்கு அடியில ஒளிஞ்சிக்கிட்டு இருக்கற மிச்சம்தான்.

மைதானத்துல ஆட்டு மந்தை பாத்தா நின்னுடுங்க. தனியா ஆடு மட்டும் மேயற மாதிரி இருக்கும், கிட்ட போனா புல்லுக்குள்ள படுத்திருந்த வெள்ளை நாய் ஒண்ணொண்ணா எந்திரிக்கும். மரேம்மா-அப்ருஸ்ஸோ நாய், கன்னுக்குட்டி சைஸ், ஓநாய் கழுத்த கவ்வாம இருக்க சிலதுக்கு முள்ளு வெச்ச இரும்புப்பட்டை. எனக்கு அஞ்சு நாய் வந்துச்சு, சத்தமே இல்லாம வட்டமா. கல்ல எடுக்காதீங்க, ஓடாதீங்க, கண்ணுக்கு கண்ணு பாக்காதீங்க, கைய தொங்கவிட்டு மந்தையில இருந்து விலகுற திசையில மெதுவா நடங்க, கொஞ்ச தூரம் வந்து விட்டுடும். அடுத்த தடவ மந்தைய கண்டா இருநூறு மீட்டர் சுத்தித்தான் போவீங்க, நான் இப்ப அப்படித்தான்.

இந்த புல்வெளி தானா வந்தது இல்ல. நூத்துக்கணக்கான வருஷமா கோடையில இங்க மேய்ச்சு, குளிருக்கு லட்சக்கணக்கான ஆட்ட தெக்கால புல்யா சமவெளிக்கு ஓட்டிக்கிட்டு போவாங்க. லாக்குயிலாவுல இருந்து ஃபோஜ்ஜா வரைக்கும் 244 கிலோமீட்டர் புல் பாதை, அகலம் 111 மீட்டர், ஆறு வழிச்சாலையவிட அகலம்! துண்டு துண்டா இன்னும் தெரியுது. ஆடு குறைஞ்ச எடத்துல புதர் ஏறுதுன்னு இப்ப பார்க்ல கவலப்படறாங்க, பாதுகாப்புன்னா மனுஷன வெளிய அனுப்பறதுன்னு நெனச்சுட்டு இருந்த எனக்கு இது புதுசு.

சாப்பாடு இங்கதான் பேசணும். ஃபோந்தே வேத்திகா பக்கம் மைதானத்துக்கு நடுவுலயே கறிக்கடை இருக்கு, அர்ரோஸ்தீச்சினி வாங்குங்க, செம்மறிக்கறிய விரல் நுனி அளவு வெட்டி குச்சியில கோத்தது. வெளியில சின்ன வாய்க்கால் மாதிரி நீளமா குறுகலா அடுப்பு இருக்கும், குச்சிய வரிசையா அடுக்கி நீங்களே சுட்டுக்கணும். கொழுப்பு கறிக்குள்ளயே இருக்கறதால எண்ணெய் வேணாம், உப்பு கடைசியில, ரெண்டு பக்கமும் திருப்பி நாலஞ்சு நிமிஷம், அப்புறம் பல்லால கடிச்சு இழுத்து சாப்பிடணும். அடுப்பு இருக்கற இடத்துல மட்டும் சுடுங்க, 2017 ஆகஸ்ட்ல யாரோ கொண்டு வந்த கையடுப்புல இருந்து தீ பரவி இதே ஃபோந்தே வேத்திகா காடு நாள்கணக்கா எரிஞ்சுச்சு. சைவக்காரங்களுக்கு சாந்தோ ஸ்தெஃபானோ ஊரு பருப்பு சூப், கடுகு மாதிரி குட்டி கருப்பு பருப்பு, சூப்பரா இருக்கும், ஆனா பன்றிக்கறி துண்டு போட்டிருப்பாங்க, ஆர்டர் பண்றப்பவே சென்சா கார்னேன்னு, அதாவது கறி இல்லாமன்னு, சொல்லிடுங்க. அங்கருந்து ரொக்கா கலாஷியோ கோட்டைக்கு நடந்து போகலாம், 1,460 மீட்டர் உசரத்துல, சாயங்கால வெயில்ல போங்க.

படி 6: மயெல்லா, ஒரு முழு நாள்

ஊர்க்காரங்க தாய்மலைன்னு சொல்ற மலை. உச்சி மோந்தே அமாரோ 2,793 மீட்டர், ஒரு நாள்ல ஏறி இறங்கறது சாதாரண ஆளுக்கு இல்ல, விட்டுடுங்க. அதுக்கு பதிலா கரமானிக்கோ தெர்மேவுல விசிட்டர் சென்டர்ல பேர் பதிஞ்சிட்டு ஓர்ஃபெந்தோ பள்ளத்தாக்குல இறங்குங்க, மரப்பாலம், பாசி, தண்ணி சத்தம், ஜூலையிலயும் குளிரும்.

மதியத்துக்கு மேல சான் பர்த்தலோமியோ துறவி மடம். பெரிய பாறை வயித்துக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு, பாறையிலயே வெட்டின படியில இறங்கணும், மழை பேஞ்சா வழுக்கும். பியேத்ரோன்னு ஒரு துறவி இந்த மலையில குகை குகையா வாழ்ந்தாரு, 1294-ல அவர புடிச்சிட்டு போய் போப் ஆக்கிட்டாங்க, செலஸ்தீன் ஐந்துன்னு பேரு, அந்த டிசம்பர்லயே வேணாம் சாமின்னு பதவிய தூக்கிப் போட்டுட்டாரு. அந்த பாறை திண்ணையில பத்து நிமிஷம் உக்காந்தா அவரு ஏன் திரும்பி வர நெனச்சாருன்னு தெரியும். 2021-ல இருந்து மயெல்லா யுனெஸ்கோ ஜியோபார்க்கும் கூட.

சிரெந்தே-வெலினோவுக்கு தனி நாள் ஒதுக்க வேணாம், மே மாசம் போறவங்க மட்டும் ரொக்கா தி மெத்ஸோ வழியா பூ பாத்துட்டு போங்க.

படி 7: கடைசி நாள் கடல்

மயெல்லாவுல இருந்து ஒரு மணி நேரத்துல அட்ரியாட்டிக் கடல். ஓர்தோனாவுக்கும் வாஸ்தோவுக்கும் நடுவுல பழைய ரயில் பாதைய சைக்கிள் பாதையா மாத்தியிருக்காங்க, சுமார் 40 கிலோமீட்டர், வாடகை சைக்கிள் எடுத்து பாதி தூரம் போனா போதும். வழியில தண்ணிக்குள்ள மரக்கால் நட்டு கட்டின திரபோக்கோ நிக்கும், வலைய கம்பத்துல கட்டி மேல இருந்தே இறக்கி மீன் புடிக்கற அமைப்பு, கொச்சியில இருக்கற சீன வலை ஞாபகம் வரும். இப்ப பாதி அதுல ரெஸ்டாரன்ட்.

வாஸ்தோவுக்கு வடக்க புந்தா அதெர்ச்சி ரிசர்வ், 1998-ல இருந்து பாதுகாப்பு. கார மேல நிறுத்திட்டு கோதுமை வயலுக்கு நடுவுல மண் பாதையில இறங்கணும், கீழ மணல் இல்ல, வழவழன்னு கூழாங்கல்லு, செருப்பில்லாம நடக்க முடியாது, ரப்பர் ஷூ எடுத்துட்டு போங்க. பக்கத்துல மணல் இருக்கற கடற்கரையில வசந்த காலத்துல கயிறு கட்டி போர்டு வெச்சிருந்தா தாண்டாதீங்க, ஃபிராத்தினோன்னு ஒரு உள்ளங்கை சைஸ் பறவை வெறும் மணல்லயே முட்டை போடும், முட்டையும் மணல் கலர்லயே இருக்கும், மிதிச்சப்புறம்தான் தெரியும். தண்ணிக்குள்ள இடுப்பளவு இறங்கி கரைப்பக்கம் திரும்பிப் பாருங்க, மயெல்லா தெரியும், ஜூன் ஆரம்பம்னா பனியோட. ரோமுக்கு திரும்ப மூணு மணி நேரம் வெச்சுக்குங்க, ஞாயிறு சாயங்காலம்னா நாலு.